மின்னொளி கபடிக்கு ரீப்ளே மெஷின் கட்டினோம், அதோட முழு விவரம்

கபடியில ஒரு ரைடு முடிஞ்சா எதிர் டீம் 5 செகண்டுக்குள்ள ஆளை அனுப்பணும், அதுதான் ரூல். கிரிக்கெட்ல பவுலர் திரும்பி நடந்து போய் ரன்னப் எடுக்குற வரைக்கும் டைம் கிடைக்கும், வாலிபால்ல பாயிண்ட் முடிஞ்சா சர்வீஸ் போட ஆள் மாறி வரணும், கபடியில அந்த 5 செகண்டை விட்டா அவ்வளவுதான், அடுத்த ஆள் பாடிக்கிட்டு உள்ள வந்துடுவாரு. லைவ்ல ரீப்ளே போடுறவங்களுக்கு இதைவிட கஷ்டமான ஆட்டம் கிடையாதுன்னே நான் சொல்லுவேன். எங்க குரூப் தென் மாவட்டத்துல ராத்திரி நடக்குற மின்னொளி கபடிப் போட்டிகளை யூடியூப்ல லைவ் பண்றோம், அதுக்காக சொந்தமா ஒரு ரீப்ளே சிஸ்டம் கட்டினோம். என்ன பண்ணோம், ஏன் அப்படிப் பண்ணோம்னு எழுதி வெச்சா இதே வேலை பாக்குற மத்தவங்களுக்கு உதவும்.

முன்னாடி இருந்த ஏற்பாடு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஓபிஎஸ்ங்கிற இலவச லைவ் சாஃப்ட்வேர்ல ரீப்ளே பஃபர், அதாவது கடைசி சில செகண்டை நினைவுல வெச்சுக்கிற வசதியை ஆன் பண்ணி 15 செகண்ட் வெச்சுக்கிறது, பாயிண்ட் விழுந்ததும் ஹாட்கீ அமுக்கி சேவ் பண்றது, சேவ் ஆன ஃபைலை இன்னொரு சீன்ல மீடியா சோர்ஸ்ல ஓட விடுறது. செலவே இல்லாம கிடைக்குற நல்ல வசதி இது, குறை சொல்ல மாட்டேன். ஆனா பஃபர்ல இருக்குறது நாம ஏற்கனவே ஏர்ல விட்ட படம், ஸ்கோர்போர்டு, ஸ்பான்சர் பேர் எல்லாம் மேல ஒட்டி இருக்கும், அந்த நேரம் எந்த கேமரா ஆன்ல இருந்துச்சோ அந்த ஆங்கிள் மட்டும்தான். பாக்குறவங்களுக்கு வேணும்கிறது ஏர்ல போகாத இன்னொரு கேமரா என்ன பாத்துச்சுங்கிறதுதானே. ஒவ்வொரு சோர்ஸையும் தனியா ரெக்கார்டு பண்ற ப்ளகின் இருக்கு, அதையும் போட்டுப் பாத்தோம், ஆங்கிள் பிரச்னை தீர்ந்துச்சு ஆனா தேடுற பிரச்னை அப்படியே இருந்துச்சு.

தேடுறதுன்னா என்னன்னா, ஸ்ட்ரீமுக்குப் போற எச்.264ங்கிற அமுக்கின வீடியோவுல ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம் கிடையாது. 2 செகண்டுக்கு ஒரு முழு ஃப்ரேம் வரும், நடுவுல இருக்குற மத்த எல்லா ஃப்ரேமும் முன்ன பின்ன என்ன மாறுச்சுங்கிற கணக்கு மட்டும்தான். முன்னோக்கி ஓட்டுறதுக்கு அது போதும். ஒரு ஃப்ரேம் பின்னாடி போகணும்னா ப்ளேயர் முந்தின முழு ஃப்ரேமுக்குப் போய் அங்கேர்ந்து எல்லாத்தையும் டீகோட் பண்ணிக்கிட்டு வரணும். கால் லைனைத் தாண்டின அந்த ஒரு ஃப்ரேமைப் பிடிக்க முன்ன பின்ன உருட்டும்போது கை ஒரு இடத்துல இருக்கும், படம் இன்னொரு இடத்துல நிக்கும்.

இந்தத் தேடுற தலைவலி ரீப்ளே பிறந்த அன்னைக்கே இருந்திருக்கு. 1963 டிசம்பர் 7, அமெரிக்காவுல ஆர்மி, நேவி டீம்களுக்கு நடுவுல நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச், சிபிஎஸ் டிவி டைரக்டர் டோனி வெர்னாதான் லைவ்ல முதல் முறையா டேப்பைப் பின்னாடி சுத்தி உடனே திரும்பக் காட்டினவரு. அரை டன்னுக்கு மேல எடை உள்ள டேப் மெஷினை மைதானத்துக்கே கொண்டு போயிருக்காரு. டேப்பைச் சுத்தினா ஆட்டம் எந்த இடத்துல ஆரம்பிச்சுதுன்னு கண்டுபிடிக்க வழி இல்ல, அதனால டேப்போட ஆடியோ ட்ராக்ல பீப் சத்தத்தைப் பதிவு பண்ணி, சுத்தும்போது அந்த பீப்பைக் கேட்டு இடத்தைப் பிடிச்சிருக்காரு. அந்த மேட்ச்ல ஒரே ஒரு டச்டவுனுக்குத்தான் போட முடிஞ்சுது, அதுவும் நார்மல் ஸ்பீடுல. என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த பீப்தான் ரீப்ளேயோட உயிர், ஸ்லோ மோஷன் அதுக்கு அப்புறம் வந்த அலங்காரம்.

1967ல ஆம்பெக்ஸ் கம்பெனி எச்எஸ் 100னு ஒரு டிஸ்க் மெஷின் கொண்டு வந்துச்சு, உலோகத் தட்டுல 30 செகண்ட் படம் நிக்கும், ஸ்லோ பண்ணலாம், நிறுத்தி வைக்கலாம். 90கள்ல பெல்ஜியத்தோட லியேஜ் பக்கத்துலேர்ந்து ஈவிஎஸ் கம்பெனி ஹார்டு டிஸ்க் வெச்ச சர்வரைக் கொண்டு வந்தப்பதான் எல்லாம் தலைகீழா மாறுச்சு, ஏன்னா அதுல ரெக்கார்டிங் நிக்கவே நிக்காது, ஒரு பக்கம் எழுதிக்கிட்டே இருக்கும்போது இன்னொரு பக்கம் பழசை எடுத்து ஓட்டலாம். இன்னைக்கும் பெரிய ஓபி வேன்ல, அதாவது மைதானத்துக்கு வர்ற ஒளிபரப்பு வண்டியில உக்காந்திருக்குற ரீப்ளே ஆபரேட்டர் கையில இருக்குறது அந்த லீவரும் சுத்துற வீலும்தான். நாங்க செய்ய வேண்டியது என்னன்னு அதுலேர்ந்தே தெளிவாயிடுச்சு. எல்லா கேமராவும் நிக்காம பதிவாகணும், எந்த ஃப்ரேமுக்கும் உடனே போக முடியணும், ரைடு எங்க ஆரம்பிச்சுது எங்க முடிஞ்சுதுன்னு மெஷினுக்குத் தெரியணும். மத்ததெல்லாம் அப்புறம்.

கோடிங் வேண்டாம்னு நினைக்கிறவங்க விமிக்ஸ்ங்கிற லைவ் சாஃப்ட்வேரோட மேல் எடிஷன்ல இருக்குற ரீப்ளேயை எடுத்துக்கோங்க, நல்லா இருக்கு, சந்தேகமே வேண்டாம். எங்களுக்கு கபடிக்குன்னே சில விஷயம் தேவைப்பட்டுச்சு, குரூப்ல ப்ரோக்ராம் எழுதத் தெரிஞ்ச ஆளும் இருந்தாரு, அதனால சொந்தமா எழுதினோம்.

ஹார்டுவேர்ல முக்கியமானது கேமரா படத்தை பிசிக்குள்ள எடுக்குற டெக்லிங்க் டுயோ 2 கார்டு. அதுல நாலு எஸ்டிஐ (ஒளிபரப்புல பயன்படுற வீடியோ கேபிள் முறை) சேனல், ஒவ்வொண்ணையும் இன்புட்டாவோ அவுட்புட்டாவோ வெச்சுக்கலாம், மூணை கேமராவுக்கும் ஒண்ணை ரீப்ளே அவுட்டுக்கும் எடுத்துக்கிட்டோம். அந்தக் கார்டுல சின்ன சைஸ் கனெக்டர்தான் இருக்கும், சாதா பிஎன்சி கனெக்டருக்கு மாத்துற குட்டி கேபிளையும் சேர்த்து வாங்கிடுங்க, மேட்ச் அன்னைக்கு சாயங்காலம் ஊர்க் கடையில அது கிடைக்காது. கேமராலேர்ந்து வர்ற எச்டிஎம்ஐயை எஸ்டிஐயா மாத்தி, ரெண்டு அவுட் உள்ள கன்வர்ட்டர் மூலமா ஒண்ணு கேமராவை மாத்தி மாத்தி ஏர்ல விடுற ஸ்விட்சருக்கு, இன்னொண்ணு ரீப்ளே பிசிக்கு. எல்லாமே 1080பி 50, அதாவது செகண்டுக்கு 50 முழு எச்டி ஃப்ரேம்.

அடுத்து எந்த ஃபார்மட்ல பதியுறதுங்கிற கேள்வி. எதையும் அமுக்காம அப்படியே வெச்சா 1080பி 50ல ஒரு கேமராவுக்கே செகண்டுக்கு 207 எம்பி வருது, மூணுக்கு 600ஐத் தாண்டிடும், ராத்திரி முழுக்க அதைத் தாங்குற டிஸ்க் நம்ம பட்ஜெட்ல கிடையாது. எச்.264லயே எல்லா ஃப்ரேமையும் முழு ஃப்ரேமா எழுதச் சொல்லலாம், ஆனா கிராஃபிக்ஸ் கார்டை நம்பணும். கடைசியில சாதாரண ஜேபெக்தான் எடுத்தோம், ஒரு ஃப்ரேமுக்கு ஒரு போட்டோ, அவ்வளவு எளிமை. எங்க குவாலிட்டி செட்டிங்ல ஒரு ஃப்ரேம் சுமார் 500 கேபி, அதாவது கேமராவுக்கு செகண்டுக்கு 25 எம்பி, மூணுக்கும் சேர்த்து 75 எம்பி. லிப்ஜேபெக் டர்போ லைப்ரரி, கேமராவுக்கு ஒரு த்ரெட், சாதாரண ப்ராசஸரே தாங்குது.

கேமராவுக்கு 100 ஜிபி ஃபைல் ஒண்ணை முன்கூட்டியே ஒதுக்கி வெச்சுடுறோம், அதுல வரிசையா போட்டோக்களை எழுதிக்கிட்டே போய், கடைசிக்கு வந்ததும் திரும்ப முதல்லேர்ந்து மேல எழுதும். 100 ஜிபின்னா 66 நிமிஷம், 20 நிமிஷம் வெச்சு ரெண்டு பாதியும் நடுவுல 5 நிமிஷ இடைவேளையும் சேர்த்து ஒரு முழு மேட்ச் உள்ள அடங்கும், பல ஊர்ல நேரத்தைக் குறைச்சுத்தான் ஆடுறாங்க. பக்கத்துல சின்னதா ஒரு இண்டெக்ஸ், ஃப்ரேம் நம்பர், வந்த நேரம், ஃபைல்ல எந்த இடம், எத்தனை பைட், இந்த நாலு விஷயம் மட்டும். ஃப்ரேம் நம்பர் சொன்னா இண்டெக்ஸைப் பாத்து நேரா அந்த இடத்துக்குப் போய் எடுத்துக்கும், முன்னாடியோ பின்னாடியோ ரெண்டும் ஒரே வேகம். இதுல தானா கிடைச்ச லாபம் ஒண்ணு இருக்கு, இப்ப எழுதின டேட்டாவை ஆபரேட்டிங் சிஸ்டமே ரேம்ல கொஞ்ச நேரம் வெச்சிருக்கும், 16 ஜிபி ரேம்ல கடைசி ரெண்டு நிமிஷம் கிட்ட அப்படியே நிக்குது, ரீப்ளேக்கு நாம கேக்குறது எப்பவும் கடைசி அரை நிமிஷம்தான், அதனால எஸ்எஸ்டியைப் படிக்க வேண்டிய வேலையே பெரும்பாலும் வர்றதில்ல.

எஸ்எஸ்டி தேஞ்சு போயிடாதான்னு கேப்பீங்க. 5 மணி நேரம் ஓடினா 1.35 டிபி எழுதுறோம். 600 டிபி வரைக்கும் எழுதலாம்னு கம்பெனி உத்தரவாதம் குடுக்குற 1 டிபி டிரைவ்னா 440 ராத்திரிக்கு மேல வரும். ஓஎஸ் இருக்குற டிரைவும் இதுவும் வேற வேறயா இருக்கட்டும், அது மட்டும் கட்டாயம்.

கலர்ல ஒரு நுணுக்கம் சொல்லிடுறேன், ஏன்னா இதைத் தேடி நிறைய பேர் அலையுறாங்க. எஸ்டிஐயில கருப்பு 16ல ஆரம்பிச்சு வெள்ளை 235ல முடியும், ஜேபெக் 0லேர்ந்து 255 வரைக்கும்னு எடுத்துக்கும். நடுவுல ஆர்ஜிபிக்கு மாத்தினா கலர் கெட்டுப் போகும். கார்டு குடுக்குற ஒய்யுவி (வெளிச்சமும் நிறமும் தனித்தனியா இருக்குற வடிவம்) டேட்டாவை அடுக்கு அடுக்கா பிரிச்சு அப்படியே ஜேபெக் என்கோடருக்குக் குடுத்து, திரும்ப எடுக்கும்போதும் ஒய்யுவியாவே எடுத்து அவுட் விட்டா போன அளவு அப்படியே வரும். ஆபரேட்டர் ஸ்கிரீன்ல பிரிவ்யூ மட்டும் லேசா வெளுத்துத் தெரியும், ஏர்ல சரியா இருக்கும்.

மூணு கேமராவும் ஒரே க்ளாக்ல ஓடல, எல்லா கேமராவையும் ஒரே க்ளாக்குக்குக் கட்டுற ஜென்லாக் வசதி இந்த ரேஞ்சு கேமராவுல கிடையாது. ஒவ்வொரு கேமராவும் படத்தை எச்டிஎம்ஐல தள்ள எடுத்துக்குற நேரமும் வேற. அதனால ஒரே நொடியை மூணு ஆங்கிள்லயும் காட்டும்போது ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் தள்ளி நிக்கும். தீர்வு எளிது, மேட் நடுவுல ஒரு எல்இடியை வெச்சு ஆன் பண்ணி, எந்தெந்த ஃப்ரேம்ல அது முதல்ல தெரியுதுன்னு பாத்து வித்தியாசத்தை ப்ரோக்ராம்ல போட்டுட வேண்டியதுதான். போட்டோ ஃப்ளாஷ் இதுக்கு ஆகாது, இந்த சென்சார் மேலேர்ந்து கீழ வரிவரியா படிக்கிறதால ஃப்ளாஷ் பாதிப் படத்துல பட்டையா விழும், ஆன் ஆகி எரிஞ்சுக்கிட்டே இருக்குற லைட்டுதான் வேணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கையில பிடிக்கிற பெட்டி. ப்ரோ மைக்ரோங்கிற குட்டி கன்ட்ரோலர் போர்டு ஒண்ணு, வீல் சுத்துறதை எண்ணுற 600 பல்ஸ் ஆப்டிகல் என்கோடர் ஒண்ணு, லீவருக்கு 10கே ஸ்லைடு பாட் ஒண்ணு, பெரிய ஆர்கேட் பட்டன் கொஞ்சம். என்கோடரோட ரெண்டு வயரையும் இன்டரப்ட் (சிக்னல் மாறின உடனே கவனிக்கிற வசதி) உள்ள பின்லதான் குடுக்கணும், ப்ரோ மைக்ரோவுல அது 0, 1, 2, 3, 7. புல்அப் (சும்மா இருக்கும்போது சிக்னலை மேல பிடிச்சு வெக்கிற ரெசிஸ்டர்) ஆன் பண்ண மறக்காதீங்க, இந்த வகை என்கோடர் சிக்னலை கீழ இழுக்க மட்டும்தான் செய்யும். ரெண்டு வயரோட ஏத்த இறக்கத்தையும் எண்ணினா ஒரு சுத்துக்கு 2400 வருது, 48க்கு ஒரு ஃப்ரேம்னு வெச்சோம், அதாவது வீலை ஒரு முழு சுத்து சுத்தினா 50 ஃப்ரேம், சரியா ஒரு செகண்ட். இது கைக்கு ரெண்டு மேட்ச்சுலயே பழகிடும், ஸ்கிரீனைப் பாக்காமலே கால் செகண்ட் பின்னாடி போகலாம்.

பட்டன் வரிசை கபடிக்காகவே யோசிச்சது. ரைடர் நடுக்கோட்டைத் தாண்டினதும் ஆபரேட்டர் பச்சையை ஒரு தட்டு, ரைடு முடிஞ்சதும் சிவப்பை ஒரு தட்டு. டோனி வெர்னாவோட பீப்தான் இது, வேற ஒண்ணும் இல்ல. சிவப்பைத் தட்டினதும் மெஷின் தானாவே 4 செகண்ட் பின்னாடி போய் ரெடியா நிக்கும், ஏன்னா ரைடு 30 செகண்ட் வரைக்கும் போனாலும் விஷயம் நடக்குறது கடைசி சில செகண்ட்லதான், முன்னாடி எல்லாம் ரைடர் அங்கயும் இங்கயும் ஆட்டம் காட்டிக்கிட்டு இருப்பாரு. கேமரா பட்டன்ல எதைத் தட்டுறோமோ அந்த ஆங்கிள், லீவரைத் தள்ளினா ஓடும். சிவப்பைத் தட்டின அடுத்த செகண்டே ஏர்ல போயிடலாம், பழைய ஏற்பாட்டுல ஃபைல் சேவ் ஆகி லோடு ஆகுறதுக்குள்ள அடுத்த ரைடரே உள்ள வந்துடுவாரு.

லீவர்ல எந்த ஸ்பீடும் வரட்டும்னு விடக்கூடாது. 50 ஃப்ரேம் அவுட்ல 50 சதவீதம்னா ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு தடவை, 33ன்னா மூணு தடவை, 25ன்னா நாலு தடவை, எல்லாம் சீரா இருக்கும். 40 சதவீதம் வெச்சா ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவை, அடுத்தது மூணு தடவைன்னு மாறி மாறி வந்து படம் நொண்டும். அதனால லீவர் அந்த மூணு இடத்துக்குப் பக்கத்துல வந்தா தானா அதுல போய் ஒட்டிக்கிற மாதிரி எழுதிட்டோம். சிலர் 120 ஃப்ரேம் எடுக்குற கேமரா வாங்கினா இன்னும் ஸ்லோ கிடைக்கும்ல என்கிறாங்க, இந்த ரேஞ்சு கேமராவுல பெரும்பாலும் 120 மெமரி கார்டுல மட்டும்தான் பதியும், எச்டிஎம்ஐ வழியா லைவா 50 அல்லது 60தான் வரும். பெரிய சேனல்காரங்க சூப்பர் ஸ்லோ மோஷனுக்குத் தனி கேமரா வெச்சிருக்குறது இதுக்காகத்தான்.

மெஷினைவிட கேமரா நிக்குற இடம்தான் முக்கியம்னு இப்ப எனக்கு உறுதியா தோணுது. கபடியில சண்டை வர்ற இடம் போனஸ் லைன். களத்துல ஆறு பேர் அல்லது அதுக்கு மேல தடுக்க நிக்கும்போது ரைடரோட ஒரு கால் போனஸ் லைனுக்கு அந்தப் பக்கம் தரையைத் தொடணும், அந்த நொடியில இன்னொரு கால் காத்துல இருக்கணும். இதை மெயின் கேமராவுல பாத்து யாரும் சொல்ல முடியாது. லைனோட நேர்கோட்டுல கேமரா நின்னா மட்டும்தான் கால் தாண்டுச்சா இல்லையான்னு தெரியும். நடுக்கோட்டுலேர்ந்து பால்க் லைன் (ரைடர் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அங்கேர்ந்து போனஸ் லைன் 1 மீட்டர், அப்ப ரெண்டு பக்கத்து போனஸ் லைனுக்கும் நடுவுல 9.5 மீட்டர். ஒரே கேமராவால ரெண்டையும் நேர்கோட்டுல பாக்க முடியாது. அதனால மூணு இன்புட்ல ஒண்ணு மெயின், மத்த ரெண்டும் ஆளுக்கொரு போனஸ் லைன், லாக் பண்ணி வெச்ச கேமரா, ஆள் தேவையில்ல. உயரம் நெஞ்சளவு. முழங்கால் உயரத்துல வெச்சா காலுக்கும் தரைக்கும் இருக்குற இடைவெளி இன்னும் நல்லா தெரியும், ஆனா லைன் நடுவர் முன்னாடி நின்னு மறைச்சுடுவாரு.

அப்புறம் லைட்டு. பகல் மேட்ச்ல ஷட்டரை செகண்டுல 500ல ஒரு பங்கு வெச்சா கால் கூர்மையா தெரியும். ராத்திரி போக்கஸ் லைட்டுல அதே ஷட்டர் வெச்சா ஸ்லோ மோஷன்ல வெளிச்சம் கூடுறதும் குறையுறதுமா அலை அடிக்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான லைட் செகண்டுக்கு 100 தடவை மங்கித் தெளியும், அந்த மங்கலுக்கு நடுவுல ஷட்டர் மாட்டிக்கும். செகண்டுல 100ல ஒரு பங்கு வெச்சா ஒரு முழுச் சுத்து வெளிச்சமும் உள்ள வந்துடும், அலை நிக்கும், ஆனா செகண்டுக்கு 5 மீட்டர் வேகத்துல வீசுற கால் அந்த நேரத்துல 5 செமீ நகர்ந்துடும், கோட்டோட அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதுக்கு வழி பந்தல் எலெக்ட்ரீஷியன் கையில இருக்கு. கம்பத்துக்கு ஒரு ஃபேஸ்னு குடுக்காம, ஒவ்வொரு கம்பத்துலயும் இருக்குற மூணு லைட்டையும் ஆர், ஒய், பி மூணு ஃபேஸ்ல பிரிச்சுக் குடுத்தா ஒண்ணு மங்கும்போது இன்னொண்ணு பிரகாசமா இருக்கும், மேட் மேல வெளிச்சம் சமமாயிடும், செகண்டுல 250ல ஒரு பங்கு வரைக்கும் தாராளமா போகலாம். ஆனா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 415 வோல்ட், அதை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் மட்டும்தான் தொடணும், நாம ஏணி போட்டு ஏறவே கூடாது.

ஏர்ல போடுறதுக்கு நாங்க வெச்சிருக்குற முறை இது. 4 செகண்டை 50 சதவீதத்துல ஓட்டினா 8 செகண்ட், அடுத்த ரைடு அதுக்குள்ள ஆரம்பிச்சுடும். அதனால ரீப்ளே பெருசா, லைவ் ஓரத்துல சின்னப் பெட்டியில, ஸ்விட்சர்லயே பண்ணிடுறோம். ரைடர் பால்க் லைன் பக்கம் போனா ரீப்ளே முடிஞ்சாலும் முடியலைனாலும் லைவுக்குத் திரும்பிடணும், இதுல நான் கறாரா இருப்பேன், முடிஞ்சு போனதைக் காட்டுறேன்னு நடந்துக்கிட்டு இருக்குறதை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் ரீப்ளே வேண்டாம், சந்தேகம் உள்ளதுக்கும் அருமையான பிடிக்கும் மட்டும் போதும்.

கமிட்டிக்காரங்க அடிக்கடி கேக்குறது, நடுவருக்கு இதைக் காட்டித் தீர்ப்பு சொல்லலாமான்னு. 1992 நவம்பர்ல டர்பன் டெஸ்ட்ல மூணாவது அம்பயர் ரீப்ளே பாத்து சச்சின் டெண்டுல்கரை ரன் அவுட் குடுத்ததுலேர்ந்து இது விளையாட்டுல வந்தாச்சு, ப்ரோ கபடியிலயும் ரிவ்யூ இருக்கு. எங்க நிலைப்பாடு என்னன்னா, போட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேப்டன்களைக் கூப்பிட்டு ரிவ்யூ உண்டு, டீமுக்கு இத்தனைன்னு சொல்லியிருந்தா நடுவர் மேசைக்குத் தனி மானிட்டர் குடுப்போம், அதுல போனஸ் லைன் கேமரா ரெண்டு மட்டும், முடிவு அவரோடது. நடுவுல தகராறு வந்தப்புறம் கேட்டா குடுக்க மாட்டோம். கூட்டத்துக்கு நடுவுல நடுவர் நிக்குறப்ப பாதி ஏற்பாட்டோட அவரை மாட்டி விடுறது நியாயம் இல்ல.

பிசிக்கும் ஸ்விட்சருக்கும் யுபிஎஸ் கட்டாயம், கரண்ட்லேர்ந்து ஜெனரேட்டருக்கு மாறுற அந்த ரெண்டு செகண்ட்ல ரீப்ளே பிசி ரீஸ்டார்ட் ஆனா ஒரு முழு ரைடு போயிடும். கேமரா கேபிள் யாராவது கால் பட்டு கழண்டா கார்டு சிக்னல் இல்லைன்னு சொல்லும், அந்த ஃப்ரேம்களை எழுதாம விட்டுட்டு நேரத்தை மட்டும் இண்டெக்ஸ்ல சரியா நகர்த்திட்டா மத்த ரெண்டு கேமராவோட ஒட்டுதல் கெடாது.

ரீப்ளேக்கு இப்போதைக்கு சத்தம் இல்ல, கமெண்ட்ரியும் கூட்டத்தோட சத்தமும் லைவ்லேர்ந்தே போகுது, அது அப்படியே இருக்கட்டும்னுதான் நினைக்கிறோம். அடுத்து செய்யப் போறது வாலிபால், நெட் டச் பாக்க நெட்டோட நேர்கோட்டுல ரெண்டு முனையிலயும் கேமரா வேணும், ஒரே நேரத்துல ரெண்டு ஆங்கிளைப் பக்கத்துல பக்கத்துல காட்ட இன்னொரு அவுட்புட்டும் வேணும், அதுக்கு எட்டு சேனல் கார்டு பாத்துக்கிட்டு இருக்கோம்.